சனிக்கிழமைக் கார்டுகள்

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் என்னோடு உட்கார்ந்தவர்களுக்கும், அந்த வருடம் நான் போர்டில் பெயர் எழுதி முட்டி போட வைத்தவர்களுக்கும் வணக்கம். இரண்டும் ஒரே ஆட்கள்தான் என்று எனக்குத் தெரியும்.

நம் பள்ளியில் மாணவியர் நலக் குழு என்று ஒன்று தொடங்குகிறார்களாம். பழைய லீடர்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். தலைமைப் பண்பு பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஏகமனதாக முடிவு செய்துவிட்டீர்கள். "முட்டி வலி இன்னும் போகல, அதையும் சேர்த்து எழுது" என்று இரண்டு பேர் பதிவு போட்டிருந்தீர்கள். பார்த்தேன்.

எழுதுகிறேன். நான் லீடராக இருந்தது ஒரே ஒரு வருடத்தில் ஆறு மாதம். அதில் முதல் ஐந்து மாதம் என் வேலையை மிகச் சரியாகச் செய்தேன், அதுதான் தப்பு. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. யாரைப் பற்றி எழுதப்போகிறேனோ அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதிக்கொள் என்றாள். ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

வேறு காரணமும் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் என் மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. பத்தாம் வகுப்பு. கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிறந்தவள். ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் அவள் டீச்சர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "ரொம்ப அமைதியான பொண்ணு, ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது." நான் வீட்டுக்கு வந்து கேசரி கிண்டுவேன். அன்று போனில் சொன்னது வேறு. பக்கத்தில் உட்காரும் நாலு பேர் அவளோடு பேச்சை நிறுத்தி ஒரு பருவம் ஆகிவிட்டதாம். சாப்பாட்டு நேரம் முழுக்க மூன்றாம் மாடிக் கழிவறையில் தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டிபனைக் குப்பையில் கொட்டிவிட்டுக் கழுவிய டப்பாவை எனக்குக் கொண்டுவந்து தந்திருக்கிறாள். டப்பா காலியாக இருந்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதைக் கேட்டபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் மற்றவர்களைப் போல "எனக்கு எப்படித் தெரியும்" என்று நான் சொல்ல முடியாது. எனக்குப் பதினாலு வயதிலேயே தெரியும்.

மத்திகிரியில் நாங்கள் இருந்த வரிசையில் ஏழு வீடுகள். எண்பதுகளின் கடைசி. தொழிற்பேட்டையில் புதுசு புதுசாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. எங்கள் வீட்டைத் தவிர மற்ற ஆறும் கம்பெனிக்காரர்கள். மதுரை, திருநெல்வேலி, சித்தூர் என்று ஒவ்வொருவரும் ஒரு ஊர். நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குவார்கள். அதனால் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் கிசுகிசுத்துத்தான் விளையாடும். என்னைத் தவிர. என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், ராயக்கோட்டையில் தக்காளி ஏலம் விடுகிறவர். விடிவதற்குள் போய்விட்டு, மதியம் சட்டை முழுக்கத் தக்காளிக் காம்பு வாசனையோடு வருவார். மண்டிக் குரல் வீட்டிலும் இறங்காது. "தண்ணி குடு" என்பதே ஏலம் மாதிரிக் கேட்கும். அந்தக் குரல் எனக்கு வந்திருந்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு, பக்கத்து வீட்டு உருது எல்லாவற்றிலும் ஒரே சத்தம்.

ஜூன் மாதம் முதல் வாரம் மதர் வகுப்புக்கு வந்தார். நம் தலைமையாசிரியை. வெள்ளை உடை, மணிக்கட்டு வரை நீண்ட கை, பாக்கெட்டில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ். பின்வரிசையில் யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்ததை நான் ஒரே அதட்டில் நிறுத்தினேன். மதர் என்னைப் பார்த்தார். "இந்தக் குரல்தான் வேணும்" என்று சொல்லி, நீலத் துணியில் வெள்ளை நூலால் தைத்த லீடர் பேட்ஜை என் தாவணியில் குத்திவிட்டார். வீட்டுக்குப் போனதும் அத்தா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம சத்தத்துக்கும் ஒரு வேலை கெடச்சிடுச்சு" என்றார்.

லீடரின் வேலை என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் போர்டின் வலது மூலையில் "பேசியவர்கள்" என்று எழுதி அடிக்கோடு போட வேண்டும். கீழே பெயர்கள். இரண்டு தடவை பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஆசிரியர் வந்ததும் பட்டியலில் உள்ளவர்கள் வராந்தாவில் முட்டி போட வேண்டும். மாதக் கடைசியில் ஒரு தடவைகூடப் பெயர் வராதவளுக்குக் காலைக் கூட்டத்தில் மதர் பச்சை ரிப்பன் குத்துவார். யாருக்கு என்று சொல்லும் பொறுப்பு லீடருடையது.

என் பெஞ்சுக்காரி ஒரு நாள் கேட்டாள்: "ஏம்மே, நீயும்தான் கத்திக்கிட்டே இருக்கறே. உம் பேர ஏன் எழுதல?"

"நான் பேசல. பேசாதீங்கன்னு சொல்றன்."

"அதையும் பேசித்தானே சொல்றே."

அவள் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டேன்.

போர்டின் இடது மூலையில் இன்னொன்று இருக்கும். அது ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு. சனிக்கிழமை அரைநாள் பள்ளி. கடைசிப் பீரியட் கடிதம் எழுதும் நேரம். ஒவ்வொருவருக்கும் ஒரு அஞ்சலட்டை தருவார்கள். என்ன எழுத வேண்டும் என்பதை ஹாஸ்டலைப் பார்த்துக்கொண்ட வார்டன் சிஸ்டர் ஜூன் மாதமே போர்டில் எழுதி, சுற்றிக் கட்டம் போட்டு, "அழிக்காதே" என்றும் எழுதியிருந்தார். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷி. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் தானே கஞ்சி வைத்து ஊட்டுவார். ஆனால் கடிதத்தில் அழுகை இருக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். "அங்க பெத்தவங்க வயக்காட்டுல கெடந்து பாடுபடுதாங்க. நீங்க இங்கருந்து கண்ணீர் வடிச்சு எழுதுனா அவங்களுக்குச் சோறு எறங்குமா? கேட்டியளா?" என்பார். அவர் எழுதி வைத்த வாசகம் எனக்கு இப்போதும் மனப்பாடம்:

"அன்புள்ள ________ அவர்களுக்கு, நான் இங்கு நலம். அங்கு அனைவரும் நலமா? நான் நன்றாகப் படிக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இப்படிக்கு, தங்கள் அன்பு மகள், ________."

கோடு போட்ட இடங்களில் அவரவர் நிரப்பிக்கொள்ள வேண்டும். கார்டுகளைச் சேகரித்து வார்டன் சிஸ்டரிடம் கொடுப்பது லீடர் வேலை. நான் வீட்டிலிருந்து வருகிறவள். எனக்குக் கடிதம் கிடையாது. எழுதுகிறவர்களுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பேன்.

அந்த வருடம் அஞ்செட்டியிலிருந்து ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். மலைமேல் அவள் ஊர்ப் பள்ளி எட்டாவதோடு முடிந்துவிட்டது. வீட்டில் மாடுகள், கேழ்வரகு, அவரை. வீட்டுப் பேச்சு கன்னடம். அது ஒன்றும் நமக்குப் புதிதில்லை. நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோதான் பேசினார்கள். அவள் முதல் வாரம் நன்றாகவே பேசினாள். போர்டில் அவள் பெயரை நானே ஒரு தடவை எழுதியிருக்கிறேன்.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை. கார்டுகளை வாங்கிக்கொண்டு வந்தவள் அவள் கார்டைப் பார்த்தேன். போர்டில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தாள். கோடுகளையும் சேர்த்து. "அன்புள்ள" என்பதற்குப் பிறகு ஒரு கோடு. "அன்பு மகள்" என்பதற்குப் பிறகு ஒரு கோடு. ஸ்கேல் வைத்து நேராக இழுத்திருந்தாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மேடையில் ஏறி, அத்தா ஏலம் விடுகிற குரலில் படித்தேன். "அன்புள்ள கோடு அவர்களுக்கு. நான் இங்கு நலம். இப்படிக்குத் தங்கள் அன்பு மகள் கோடு."

வகுப்பே சிரித்தது. "கோட்டுக்குக் கோடு லெட்டர் போட்டிருக்குடி" என்றாள் என் பெஞ்சுக்காரி. அன்றிலிருந்து அவள் பெயர் கோடு. நீங்கள் எல்லோரும்தான் கூப்பிட்டீர்கள். ஆரம்பித்தது நான்.

கார்டை அப்படியே மற்றவற்றோடு கட்டுக்குள் வைத்து வார்டன் சிஸ்டரிடம் கொடுத்தேன். அவர் புகார் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். புகார் இல்லை. பின்பக்கம் விலாசம் சரியாக இருந்தது. கார்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஆசிரியர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள். விடை தெரிந்தால் நோட்டில் எழுதிக் காட்டுவாள். "கூச்ச சுபாவம், மலைப் பொண்ணுல்ல" என்று ஆசிரியர்கள் அவர்களாகவே ஒரு காரணம் வைத்துக்கொண்டார்கள். மணி அடித்தால் முதலில் வரிசையில் நிற்பவள் அவள். சாப்பாட்டுத் தட்டில் மீதம் வைக்காமல் பக்கத்துப் பெண் தட்டில் தள்ளிவிடுவாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். போர்டில் ஒரு தடவைகூட அவள் பெயர் இல்லை. நாலு மாதமும் பச்சை ரிப்பனுக்கு நான் அவள் பெயரைத்தான் சொன்னேன். மதர் அவள் தோளைத் தட்டி, "இவளைப் பார்த்து மத்தவங்க கத்துக்கணும்" என்று கூட்டத்தில் சொன்னார். பின்வரிசையில் யாரோ "கோடு நேரா நிக்குது பாரு" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் வகுப்பில் ஒழுங்கு இருக்கிறது என்று.

நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை, விளையாட்டுப் பீரியட். மூடுபனி மதியத்திலும் விலகாத நாட்கள் அவை. எறிபந்து எதிர்ப்பக்கம் போனால் தெரியாது. திரும்பிப் போகும்போது தலை எண்ணினேன். ஒன்று குறைந்தது. எண்ணிக்கையில் குறைந்தது யார் என்று கண்டுபிடிக்கவே எனக்கு நேரமாயிற்று. சத்தம் போடுகிறவள் இல்லையென்றால் உடனே தெரிந்திருக்கும்.

ஹாஸ்டல் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் சுற்றுச்சுவர் ஒரு இடத்தில் இடிந்திருக்கும். அதைத் தாண்டினால் கால்நடைப் பண்ணையின் கம்பி வேலி. பள்ளி எல்லையை விட்டு வெளியே போனால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்பது விதி. பேட்ஜோடு நான் அந்தச் சுவரைத் தாண்டினேன்.

முதலில் குரல்தான் கேட்டது. கன்னடத்தில் யாரோ உரக்கத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "ஊட்டா மாட்தியோ இல்வோ? பாரே இல்லி." சாப்பிடுகிறாயா இல்லையா, வாடி இங்கே என்று. நல்ல கணீர்க் குரல். மண்டியில் நிற்க வைத்தால் அத்தாவுக்கே போட்டி. பனிக்குள் கிட்டப் போய்ப் பார்த்தால், வேலிக்கு இந்தப் பக்கம் நம் அஞ்செட்டிக்காரி. அந்தப் பக்கம் நாலு மாடுகள். பிடுங்கிய புல்லைக் கம்பி வழியாக நீட்டிக்கொண்டு, ஒவ்வொன்றிடமும் பேசிக்கொண்டிருந்தாள். ஒன்றின் காதைப் பார்த்து உண்ணி இருக்கிறது என்கிறாள். இன்னொன்றிடம், ஹாஸ்டலில் நேற்றுச் சாம்பார் தண்ணீர் என்கிறாள். ஐந்து மாதப் பேச்சு.

என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டது. முகம் போர்டு மாதிரி ஆகிவிட்டது.

"உனக்குப் பேச வருமா?" என்று கேட்டேன். இதைவிட மட்டமான கேள்வியை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை.

அவள் புல்லைக் கீழே போட்டாள். "டி.சி. வாங்கிக் குடுக்கப் போறியா?"

"ஏன் வகுப்புல பேச மாட்டேங்கறே?"

"பேசினா எழுதுவே. எழுதினாப் படிப்பே."

நான் கன்னடத்துக்கு மாறினேன். அதில் அவளுக்குப் பேச்சு தடங்கலில்லாமல் வந்தது. அந்தக் கோடுகளை ஏன் நிரப்பவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னது சாதாரணமான விஷயம். அவள் அப்பாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் மாமன் வீட்டிலிருந்து நாலாவது வரை படித்தவர். கன்னட எழுத்துதான் தெரியும். அவளுக்கும் ஐந்தாவது வரை கன்னடப் பள்ளிக்கூடம்தான், அதனால் எழுத வரும். ஆனால் வார்டன் சிஸ்டருக்குக் கன்னடம் தெரியாது. தனக்குப் படிக்க முடியாத கடிதத்தை அவர் அனுப்ப மாட்டார்; தமிழில் எழுது என்று சொல்லிவிட்டார்.

"படிக்க முடியாத லெட்டர்ல யார் பேரு போட்டா என்ன? அப்பாவுக்கு அது எல்லாமே கோடுதான்" என்றாள். அவரிடமிருந்து ஒரு பதிலும் வந்ததில்லையாம். பள்ளியிலிருந்து ஏதோ நோட்டீஸ் வருகிறது என்று கூரையில் செருகி வைத்திருப்பார் என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "காலாண்டு லீவுக்கும் கூப்பிட வரல. மறந்தும் போயிருக்கலாம்" என்றாள்.

எனக்கு அன்று ஒரே ஒரு நல்ல யோசனை வந்தது. எண்ணிக்கை குறிக்கக் கையில் வைத்திருந்த என் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துப் பேனாவோடு கொடுத்து, "இப்பவே எழுது, கன்னடத்துல. நான் அனுப்பறன்" என்றேன். வீட்டிலிருந்து வருகிறவர்கள் ஹாஸ்டல் பிள்ளைகளின் கடிதத்தை வெளியே கொண்டுபோவதும் டி.சி.க்கு உரிய குற்றம்தான். அவள் வேலிக்கல்லில் தாளை வைத்து எழுதினாள். இரண்டு பக்கமும். வட்டம் வட்டமாக எழுத்து. எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. அத்தாவிடம் காட்டியிருந்தால் படித்துச் சொல்லியிருப்பார். காட்டவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்ற நேர்மை அது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி என்ன எழுதியிருப்பாளோ என்ற பயமும் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை அஞ்செட்டி பஸ்ஸை மத்திகிரி நிறுத்தத்தில் மறித்தேன்.

"தபால் எடுத்துட்டுப் போறதுக்கு நான் என்ன போஸ்ட்மேனாம்மா?" என்றார் கண்டக்டர்.

"லீடர் சொல்றன், அண்ணா. முக்கியமான லெட்டர்."

அவர் குனிந்து பேட்ஜைப் பார்த்தார். "எந்தக் கட்சிக்கு லீடரு?" பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வாங்கிக்கொண்டார். அவள் அப்பா பால் ஊற்றுகிற டீக்கடை அவருக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலை இரண்டாவது பீரியடில் மதர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "கன்னடம் தெரிஞ்ச லீடர் வேணுமாம்" என்று ப்யூன் அக்கா சொன்னார். அறைக்குள் போனால், தோளில் கம்பளியோடு ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. அவருக்குப் பின்னால் அஞ்செட்டிக்காரி. பக்கத்தில் வார்டன் சிஸ்டர். மதரின் மேசைமேல் சணல் கயிற்றில் கட்டிய ஒரு கட்டு. புகை பிடித்துப் பழுப்பேறிய கார்டுகள்.

"இவர் என்ன சொல்றார்னு வார்த்தைக்கு வார்த்தை சொல்லு" என்றார் மதர்.

அவள் அப்பா கயிற்றை அவிழ்த்துக் கார்டுகளைப் பரப்பினார். ஊரில் தமிழ் தெரிந்த ஒருவரிடம் முதல் கார்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். நலம் என்று இருந்ததாம். அடுத்ததையும் கொடுத்தாராம். அதே நலம். எல்லாவற்றையும் படித்துவிட்டு அந்த ஆள், "ஒரே லெட்டரத்தான் திரும்பத் திரும்ப அனுப்பறாங்க, பணம் கட்டச் சொல்ற நோட்டீஸ் இல்ல, பயப்படாதே" என்றாராம். அதனால் பயப்படாமல் இருந்துவிட்டேன் என்றார்.

நான் சொல்லச் சொல்ல மதர் கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே கோடுகள். ஸ்கேல் வைத்து இழுத்த நேர்க்கோடுகள். மதர் வார்டன் சிஸ்டரைப் பார்த்தார். "எல்லாத்தையும் படிச்சுத்தான் அனுப்புனேன் மதர்," என்றார் வார்டன் சிஸ்டர். குரல் இறங்கியிருந்தது.

அப்புறம் அவள் அப்பா சட்டைப் பையிலிருந்து என் கணக்கு நோட்டுத் தாளை எடுத்தார். ஒவ்வொரு வரியாக எழுத்துக் கூட்டிக் கன்னடத்தில் படித்தார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

"அப்பா, இது நானே எழுதறது. மத்ததெல்லாம் போர்டுல இருந்தது."

"கெம்பி கன்னு போட்டாளா?" கெம்பி என்பது அவர்கள் வீட்டுச் செவலைப் பசு.

"எனக்கு இங்க சாப்பாடு இருக்கு. ஆனா சாப்பிட முடியல."

அடுத்த வரியைப் படித்தார். ஜூன் மாசம் லீடர் என் கார்டை எல்லார் முன்னாடியும் படிச்சுச் சிரிக்க வெச்சா. அதுல இருந்து என்னைக் கோடுன்னு கூப்பிடறாங்க.

நான் அதைச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வரிக்குப் போனேன். "பேசாம இருந்ததுக்கு நாலு ரிப்பன் குடுத்திருக்காங்க. என்னை ஒரு தடவை வந்து பாரு."

அறையில் யாருக்கும் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. மதருக்குக் கன்னடம் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் என்னைப் பார்த்தாள். ஐந்து மாதமாக எதையும் சொல்லாதவள் அப்போது மட்டும் ஏன் சொல்லப் போகிறாள்.

கடிதத்தை மடித்துவிட்டு அவர், "கர்கொண்டு ஓக்தீனி" என்றார். கூட்டிக்கொண்டு போகிறேன். சொன்னேன். மதர் பெருமூச்சு விட்டார். "வீட்டு ஏக்கம். நல்ல பொண்ணு, இங்க ஒரு குறையும் இல்ல. போய் இருந்துட்டு ஜனவரியில வரட்டும்னு சொல்லு."

மலை ஏறிப் போன பெண்கள் யாரும் ஜனவரியில் வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். போன வருடம் இரண்டு பேர் அப்படிப் போனார்கள். அடுத்த செய்தி கல்யாணப் பத்திரிகைதான். நான் வாயைத் திறந்து மதர் சொன்னதைக் கன்னடத்தில் சொன்னால் போதும், அவள் போய்விடுவாள். என் பேட்ஜ் இருக்கும்.

"மதர், ஒரு வரி விட்டுட்டேன்" என்றேன்.

சொன்னேன். நான் படித்ததை, சிரிக்க வைத்ததை, பெயர் வைத்ததை, அவள் வாக்கியத்திலேயே சொன்னேன். என் சத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மதர் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது.

"இது நிஜமா?" என்று மதர் அவளைக் கேட்டார்.

"ஆமா மதர்." நம் பள்ளிக்கூடத்தில் ஜூனுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அதோடு நிறுத்தவில்லை. "இந்த லெட்டரைக் கொண்டுபோய் பஸ்ஸுல குடுத்ததும் அவதான் மதர்" என்றாள். எனக்காகச் சொன்னாளா, என்னை மாட்டிவிடச் சொன்னாளா என்று போன மாதம் கேட்டேன். "ரெண்டும்தான்" என்று சிரிக்கிறாள்.

மதர் கார்டுகளை அடுக்கித் திரும்பக் கட்டி வைத்தார். பிறகு என்னிடம், "பேட்ஜைக் கழட்டி மேசையில வை" என்றார். வைத்தேன். அவளிடம், "ரிப்பன்களை எடுத்துட்டு வா" என்றார். பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்ததாக அவள் கொண்டுவந்தாள். நாலு ரிப்பனும் என் பேட்ஜும் ஒரே டிராயருக்குள் போயின. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் பச்சை ரிப்பனை யாரும் பார்த்ததில்லை.

அவள் அப்பா என்னைக் காட்டி ஏதோ மகளிடம் கேட்டார். பிறகு என்னிடம், "நீனேனா ஆ லீடரு?" என்றார். நீதானா அந்த லீடர். தலையாட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். பையில் கைவிட்டு இரண்டு கை நிறைய வேர்க்கடலை எடுத்து என் கையில் கொட்டினார். பேட்ஜ் இல்லாத தாவணியும் கை நிறையக் கடலையுமாக நான் வகுப்புக்குத் திரும்பி வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கடலையைத் தின்றதாவது நினைவிருக்கும்.

இருந்து படிக்கிறேன் என்று அவளே சொல்லிவிட்டதால் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கெம்பி கிடாரிக் கன்று போட்ட விவரத்தைச் சொல்லிவிட்டு மதிய பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்று கடைசிப் பீரியட் மதரே வகுப்புக்கு வந்தார். தன் கையால் இடது மூலைக் கட்டத்தை அழித்தார். "படிக்க முடியாத லெட்டரை எப்படி மதர் அனுப்புறது?" என்று வாசலில் நின்று வார்டன் சிஸ்டர் கேட்டார். "அப்படியே அனுப்புங்க சிஸ்டர்" என்றார் மதர்.

போர்டு காலியாக இருந்தது. கார்டை வைத்துக்கொண்டு யாருக்கும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பத்து நிமிஷம் ஒருத்தியும் பேனாவைத் தொடவில்லை. அப்புறம் ஒருத்தி அழுதாள். பிறகு ஏழெட்டுப் பேர். அஞ்செட்டிக்காரி மட்டும் அழாமல், கார்டு போதாமல் ஓரத்திலும் எழுதிக்கொண்டிருந்தாள்.

பேட்ஜ் என் பெஞ்சுக்காரிக்குப் போயிற்று. முதல் நாளே போர்டின் வலது மூலையில் இரண்டு பெயர்கள். ஒன்று அஞ்செட்டிக்காரி, அவளுடைய சொந்தப் பெயர். இன்னொன்று நான். "சட்டம்னா சட்டம்மே" என்றாள் புது லீடர். வராந்தாவில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முட்டி போட்டோம். அங்கேயும் பேசினோம். பெருக்கல் குறி வாங்கினோம்.

அவள் போட்ட நிபந்தனை இதுதான்: "நீ விட்ட வரியையும் எழுதணும்." எழுதிவிட்டேன். நம் வாட்ஸ்அப் குழுவில் இப்போது காலை வணக்கத்திலிருந்து மாட்டுத் தீவன விலை வரை விடாமல் பதிவு போடுகிறவள் யார் என்று உங்களுக்கே தெரியும். அவளைச் சத்தம் குறைக்கச் சொல்லி எனக்கு மனு அனுப்பாதீர்கள். நான் இப்போது லீடர் இல்லை.

நலக் குழுவுக்கு என்னிடம் பெரிய அறிவுரை கிடையாது. போன் வந்த வாரம் நான் என் மகளுக்கு அறிவுரையாகத்தான் பொழிந்தேன். அவள் கேட்டுக்கொண்டு, "நான் நல்லாத்தான் இருக்கேம்மா" என்றாள். டீச்சரோடும் அவளோடும் உட்கார்ந்து பேசினோம். இடம் மாற்றிப் போட்டார்கள். இப்போது வேறு இரண்டு பெண்களோடு சாப்பிடுகிறாளாம். ஆனால் அவள் சொல்லும் "நல்லாத்தான் இருக்கேன்" என்ற வார்த்தைகளைக் கேட்டால் எனக்கு மதரின் மேசைமேல் பரப்பிய கார்டுகள்தான் தெரிகின்றன.

அதனால் டிபன் டப்பாவுக்குள் தினமும் ஒரு துண்டுத் தாள் வைக்கிறேன். "எப்படி இருக்கே?" என்று மட்டும். கோடு போடுவதில்லை. முதல் பத்து நாள் "நல்லா இருக்கேன்" என்றே எழுதித் திரும்பி வந்தது. சில நாள் ஒரு சிரிப்பு முகம். நான் ஒன்றும் கேட்கவில்லை. வைத்துக்கொண்டே இருந்தேன்.

நேற்று வந்த தாளில் இரண்டு வரி இருந்தது. "இன்னிக்கு நல்லா இல்ல. நாளைக்கு வந்து சொல்றேன், நான் யோசிக்கணும்."

அந்தத் தாளை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவளிடமிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மணி மூன்றரை. அவள் பஸ் நாலேகாலுக்கு வரும். இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், வாசலில் போய் நிற்க வேண்டும்.